ஆக்‌ஷன் படங்களில் பெண்களை உண்மையிலேயே பலசாலிகளாகக் காட்டுகிறார்களா?

சில படங்களில் மட்டும். பெரும்பாலும் நாயகி நாலு பேரைத் தூக்கிப்போட்டு மிதிப்பாள். ஆனால் கதையில் ஒரு முடிவைக்கூட அவள் எடுத்திருக்க மாட்டாள். நான் கவனிப்பது, இக்கட்டில் யார் பேச்சு நிற்கிறது என்பதைத்தான்.

1979-ல் வந்த ‘ஏலியன்’ படத்தில் சிகோர்னி வீவர் நடித்த ரிப்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் ஒரு ஜந்து ஒட்டிக்கொண்ட ஆளைத் தூக்கிக்கொண்டு கேப்டன் விண்கலத்தின் வாசலில் நிற்கிறார். கதவைத் திற என்கிறார். 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும், அதுதான் விதி, திறக்க மாட்டேன் என்கிறாள் ரிப்ளி. உத்தரவு போட்டும் அசையவில்லை. இன்னொருவன் திறந்துவிடுகிறான். அப்புறம் நடப்பதுதான் மொத்தப் படமும்! பாத்திரங்களை ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்றுதான் அந்தத் திரைக்கதையில் எழுதியிருந்தார்கள். அதனாலோ என்னவோ, ரிப்ளிக்கென்று தனியாக ஒரு சோகக் கதை கிடையாது.

நம்மூர் படங்களில் அந்தச் சோகக் கதை இல்லாமல் வேலையே நடக்காது. குடும்பத்தை அழித்தார்கள், அவளையும் சீரழித்தார்கள், அதனால் அரிவாளைத் தூக்கினாள். ஹீரோவும் பழிவாங்குகிறான்தான், ஆனால் சும்மா தெருவில் நடந்து போகும்போதே நாலு பேரை அடிக்கும் உரிமை அவனுக்கு உண்டு.

இதில் விஜயசாந்தி தனி ரகம். 1990-ல் தெலுங்கில் வந்த ‘கர்த்தவ்யம்’, இங்கே ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ என்று டப் ஆகி வந்தது. அதில் அவர் போலீஸ் அதிகாரி. அடிப்பதும் உதைப்பதும் அந்த வேலையோடு வருகிறது. அந்தப் படத்துக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் வாங்கினார். மசாலாப் படத்துக்கு அந்த விருது கிடைப்பது லேசுப்பட்ட காரியமா?

பிந்தைய படங்களில் ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ (2015). இருட்டில் எதிரி துரத்தி வருகிறான். மேக்ஸ் சுடுகிறான், குறி தவறிக்கொண்டே போகிறது. மிச்சம் ஒரே குண்டு. பேசாமல் துப்பாக்கியை நாயகி ஃபியூரியோசாவிடம் கொடுக்கிறான். அவள் துப்பாக்கிக் குழலை அவன் தோளிலேயே தாங்கி வைத்து, மூச்சு விடாதே என்று சொல்லிச் சுடுகிறாள். குறி தப்பவில்லை. படத்தின் பெயர் அவனுடையது, சுடுவது அவள். அவளைப் புகழ்ந்து ஒரு வசனம்கூட வைக்கவில்லை பாருங்கள்.

சண்டைக்காட்சிக்காகவே பார்ப்பேன் என்றால் நடிகை மிஷெல் யோவிடம் போங்கள். 1992-ல் ஜாக்கி சானோடு நடித்த ‘போலீஸ் ஸ்டோரி 3’-ல், ஓடும் ரயில்மேல் மோட்டார் சைக்கிளோடு தாவுவது டூப் இல்லை, அவரேதான்.