கோயாவின் 'விக்டர் கியே': படைச் சீருடையா?

ஸ்பானிய ஓவியர் கோயா தீட்டிய 'விக்டர் கியே' ஓவியத்தில் அச்சிறுவன் அணிந்திருப்பது படைச் சீருடையோ என்று ஐயுற்றுக் கேட்டிருந்தீர்கள். அது படைவீரனின் உடை அன்று. 1810இல் கோயா இதை வரைந்தபோது ஸ்பெயினின் அரசனாயிருந்த, நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட்டின் அரண்மனையில் ஏவல் செய்த சிறுவர்களுக்கான சீருடை அது.

அடர்ந்த பொன் சரிகைதான் உங்களைக் குழப்பியிருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சரிகை முழுவதும் தடித்த வண்ணத் தீற்றல்கள், முகமோ அத்தனை மென்மை!

அதே ஆண்டில் கோயா தீட்டிய, அவன் தந்தையின் சகோதரரான தளபதி நிக்கோலா கியேயின் ஓவியத்தை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். தளபதியின் மார்பில் பதக்கங்கள் இருக்கின்றன. சிறுவன் கையிலோ விரித்த புத்தகம்.

உடையையும் பொருள்களையும் மட்டும் கொண்டு முடிவுகட்டிவிட வேண்டாம். கோயா தீட்டிய பெப்பீத்தோ கோஸ்தா என்னும் மற்றொரு சிறுவனின் ஓவியத்திலுள்ள துப்பாக்கியும் முரசும் வெறும் விளையாட்டுப் பொருள்களே.