பிக்கப் மாற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஸ்ட்ரிங்கின் அசைவை மின் சிக்னலாக்கி ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபையருக்கு) அனுப்பும் காந்தமும் கம்பிச்சுருளும் (காயில்) சேர்ந்த பகுதிதான் பிக்கப். கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப், ஸ்ட்ரிங் முடியும் பக்கம் இருப்பது பிரிட்ஜ் பிக்கப். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘எந்த பிக்கப் நல்லது?’ என்றே முடிகின்றன. அப்படிக் கேட்டால் எதையும் சொல்லலாம், எதுவும் தவறாகாது. ‘இப்போது இருப்பதில் இது பிடிக்கவில்லை’ என்று எழுதியவர்களின் கேள்விகளைத்தான் இங்கே எடுத்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டு ஹம்பக்கர் (ஹம் இரைச்சல் அடிபட இரண்டு காயில் வைத்த பிக்கப்) உள்ள கிட்டார். நெக் பிக்கப்பில் கார்டு அடித்தால் எல்லாம் குழம்பிக் கலங்கலாகக் கேட்கிறது. தெளிவாகக் கேட்கும் பிக்கப் ஒன்று சொல்லுங்கள்.

முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். ஆறாவது ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் அதற்கு நேர் கீழே பிக்கப்பில் உள்ள போல் (காந்த முனை) தலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். அழுத்தாமல் அளந்தால் கணக்கு தப்பும். கிப்சன் வகை கிட்டார்களில் நெக் பக்கம் 2.4 மி.மீ., பிரிட்ஜ் பக்கம் 1.6 மி.மீ. என்பது வழக்கமான தொடக்கம். உங்களுடையதில் நெக் பிக்கப் ஸ்ட்ரிங்கை முட்டிக்கொண்டு நிற்கும் என்பது என் ஊகம். பேஸ் பக்கத்து (தடித்த ஸ்ட்ரிங் பக்கத்து) ஸ்க்ரூவை அரைச் சுற்று இறக்கி வாசித்துக் கேளுங்கள். போதாவிட்டால் மறுபடி அரைச் சுற்று. சத்தம் கொஞ்சம் குறையும், கார்டில் உள்ள ஸ்வரங்கள் பிரிந்து கேட்கத் தொடங்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால் வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் உள்ள மாறும் மின்தடையின்) பின்பக்கத்தைப் பாருங்கள். 250கே (கிலோ ஓம்) என்று அச்சடித்திருந்தால் குற்றவாளி அதுதான். ஹம்பக்கருக்கு 500கே, சிங்கிள் காயிலுக்கு 250கே என்பதே நடைமுறை. பாட்டின் மதிப்பு குறையக் குறைய ட்ரெபிள் தரையோடு போய்விடும். ஆம்ப்புக்குப் போகும் கேபிளுக்கும் இதில் பங்கு உண்டு. சாதாரண கேபிளில் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் கபாசிட்டன்ஸ் இருக்கும். 9 மீட்டர் கேபிளைப் போட்டுவிட்டு பிக்கப்பைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கலங்கல் தீராவிட்டால் மாற்றுங்கள். நெக்குக்கு 7 முதல் 7.5 கிலோ ஓம் அளவில் குறைவாகச் சுற்றிய, அல்னிகோ (ஒரு உலோகக் கலவை) காந்தம் வைத்த பி.ஏ.எஃப். வகை (கிப்சனின் பழைய ஹம்பக்கர் பாணி) ஹம்பக்கர் உங்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: ஒரு பிக்கப்பில் 8 கிலோ ஓம், இன்னொன்றில் 16 கிலோ ஓம் என்று போட்டிருக்கிறார்கள். 16 என்றால் இரண்டு மடங்கு பவரா?

இல்லை. அந்த எண் காயிலில் சுற்றிய தாமிரக் கம்பியின் டி.சி. ரெசிஸ்டன்ஸ் (மின்தடை). எத்தனை சுற்று, எவ்வளவு மெல்லிய கம்பி என்ற இரண்டும் அதற்குள் கலந்து கிடக்கின்றன. 42 கேஜ் கம்பிக்குப் பதில் இன்னும் மெல்லிய 43 கேஜில் அதே எண்ணிக்கை சுற்றினால் ஓம் ஏறத்தாழ கால் பங்கு கூடும், சத்தம் அந்த அளவுக்குக் கூடாது. ஆளின் எடையைக் கேட்டுவிட்டு அவர் குரல் எப்படி இருக்கும் என்று சொல்வது போலத்தான் இந்த எண்ணை வைத்து ஒலியைக் கணிப்பது.

பி-90 என்ற சிங்கிள் காயிலும் 8 கிலோ ஓம் பக்கம், பழைய பி.ஏ.எஃப். ஹம்பக்கரும் 8 கிலோ ஓம் பக்கம். இரண்டையும் கேட்ட யாரும் ஒன்றென்று சொல்ல மாட்டார்கள். கிரெட்ஷின் ஃபில்டர்ட்ரான் ஹம்பக்கர்தான், ஆனால் 4 கிலோ ஓம் அளவிலேயே நிற்கும். பளிச்சென்ற அதன் ஒலிக்காகவே அதைத் தேடுகிறார்கள்.

ஓம் அளவு ஓரளவு உதவுவது ஒரே வகைப் பிக்கப்புகளை, ஒரே கம்பி, ஒரே காந்தம் என்று தெரிந்து ஒப்பிடும்போது. தயாரிப்பாளர் ஹென்றி கணக்கில் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை சிங்கிள் காயில் 2 முதல் 3 ஹென்றி, பி.ஏ.எஃப். வகை 4 முதல் 5, டிஸ்டார்ஷனுக்கென்று நிறையச் சுற்றியவை 7, 8 வரை போகும். எண் ஏற ஏற மிட் தடிக்கும், மேலே உள்ள பளபளப்பு மங்கும். டிஸ்டார்ஷன் சீக்கிரம் வரும் என்பது உண்மை, ஆனால் ஆம்ப்பில் கெயின் குமிழைத் திருப்பினாலும் அது வரும். போன பளபளப்பைத்தான் குமிழைத் திருப்பி மீட்க முடியாது.

இன்னொன்று. தாமிரத்தின் ரெசிஸ்டன்ஸ் வெப்பத்தோடு ஏறும்: ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.4 சதவீதம் அளவில். ஒரே பிக்கப் குளிர்ந்த அறையில் 8.0, பத்து டிகிரி கூடுதலான அறையில் 8.3 காட்டும். ‘பெட்டியில் 8.1 போட்டிருந்தது, எனக்கு 8.3 வருகிறது, போலியா?’ என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். கவலைப்படாமல் வாசியுங்கள்.

கேள்வி: மூன்று சிங்கிள் காயில் உள்ள கிட்டார். இரைச்சல் தாங்கவில்லை. உள்ளே காப்பர் ஃபாயில் ஒட்டினால் போய்விடுமா, இல்லை பிக்கப் மாற்ற வேண்டுமா?

எந்த இரைச்சல் என்பதைப் பொறுத்தது. ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, வாசிக்காமல், நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் உறுமல் ஏறி, இன்னொரு திசையில் இறங்கினால் அது காந்தப் புலத்தால் வரும் ஹம். டிரான்ஸ்ஃபார்மர், மின்சார ஒயரிங் எல்லாம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் கிளப்புவது. ஃபாயில் இதைத் தடுக்காது. மாறாக, கீச்சென்ற அரிப்பு போன்ற சத்தம் வந்து, ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் குறைந்தால் அது ஷீல்டிங் பிரச்சினை. ஃபாயில் ஒட்டி, அதை கிரவுண்டோடு இணைத்தால் பெருமளவு அடங்கும். தொடும்போது ஷாக் அடித்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதற்கும் பிக்கப்புக்கும் சம்பந்தமில்லை.

ஹம் மட்டும்தான் தொல்லை என்றால், செலவில்லாத வழி, பிக்கப் ஸ்விட்ச்சில் நடு பிக்கப்போடு இன்னொன்றும் சேர்ந்து ஒலிக்கும் 2, 4 ஆகிய பொசிஷன்கள். நடு பிக்கப் எதிர்ச் சுற்றும் எதிர்க் காந்தமும் உள்ளதாக இருந்தால் அந்த இரண்டிலும் ஹம் அடிபட்டுவிடும். உங்களுடையதில் அங்கேயும் உறுமுகிறது என்றால் நடு பிக்கப்பை மட்டும் அப்படிப்பட்ட ஒன்றாக மாற்றலாம். ஒரு காயிலின் மேல் இன்னொரு காயிலை வைத்த நாய்ஸ்லெஸ் வகையும் உண்டு. அமைதியாக இருக்கும். காற்றோட்டமான அந்த மேல்பகுதி கொஞ்சம் குறையும். கூர்ந்து கேட்டால் எனக்கு அந்தக் குறை தெரிகிறது. மேடையில் யாருக்கும் தெரியாது.

கேள்வி: பிரிட்ஜில் புது ஹம்பக்கர் போட்டேன். ஒயர் நான்கு நிறம். டயகிராம் பார்த்துத்தான் சால்டர் செய்தேன். ஆனால் ஒலி மெலிந்து, தகர டப்பா மாதிரி கேட்கிறது. ஹம்மும் வருகிறது. பிக்கப் பழுதா?

பழுதாக இருக்காது. எந்த கம்பெனியின் டயகிராம் என்று பார்த்தீர்களா? நான்கு நிறங்களுக்கும் பொது விதி கிடையாது. சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் போகும் ஒயர்), சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று சேர வேண்டும், பச்சை கிரவுண்ட். டிமார்ஸியோவில் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும், பச்சை கிரவுண்ட். ஒரே நான்கு நிறம் என்பதால் ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்துவிடுவது சகஜம். டிமார்ஸியோ பிக்கப்பை டங்கனின் படப்படி இணைத்தால் ஒரு காயில் தலைகீழாகிவிடும். ஸ்ட்ரிங்கின் ஒலி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், அடிபட வேண்டிய ஹம் இரண்டு மடங்காகக் கூடும். நீங்கள் எழுதிய இரண்டு அறிகுறியும் சேர்ந்து வருவது அதனால்தான்.

படமே கிடைக்காத பிக்கப் என்றால் மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வையுங்கள். நான்கில் எந்த இரண்டு ஒயருக்கு இடையே ஓம் காட்டுகிறதோ அவை ஒரு காயில். மற்ற இரண்டும் இன்னொரு காயில். ஜோடி தெரிந்ததும் ஒரு காயிலில் மீட்டரை மாட்டி, அதன் போல்கள் மேல் ஸ்க்ரூடிரைவரின் இரும்புப் பகுதியைப் படுக்க வைத்துச் சட்டென்று தூக்குங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். ஏறினால் சிவப்பு முனை எந்த ஒயரில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்கினால் முனைகளை மாற்றிப் பிடித்து மறுபடி பாருங்கள். இரண்டாவது காயிலிலும் இதே போல. குறித்த இரண்டு ஒயர்களில் ஒன்று ஹாட், மற்றது எதிர்க் காயிலின் குறிக்காத ஒயரோடு சேரும், மிஞ்சியது கிரவுண்ட். உறையில்லாமல் வரும் வெறும் ஒயர் எப்போதுமே கிரவுண்டுதான்.

இரண்டு பிக்கப்பும் தனித்தனியாக நன்றாக ஒலித்து, நடு பொசிஷனில் மட்டும் மெலிந்தால் ஒரு பிக்கப்பின் ஹாட், கிரவுண்ட் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் போதும். வெறும் ஒயரை மட்டும் கிரவுண்டிலிருந்து எடுக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, செராமிக் காந்தம் மட்டம், அல்னிகோதான் உசத்தி என்கிறார்களே?

தம்பி, அது செராமிக் போட்ட மலிவான பிக்கப்புகளைக் கேட்டு வந்த பேச்சு. 1972-இல் வந்த டிமார்ஸியோ சூப்பர் டிஸ்டார்ஷன் செராமிக்தான். மாற்று பிக்கப் என்ற வியாபாரமே அதிலிருந்துதான் பெரிதாகக் கிளம்பியது. அல்னிகோ 2 மென்மையாக அமுங்கி ஒலிக்கும், அல்னிகோ 5 இன்னும் இறுக்கம், செராமிக் அதைவிடக் கூர்மை. இது பொதுவான போக்கு மட்டும். எப்படிச் சுற்றியிருக்கிறது என்பது இதையெல்லாம் புரட்டிப் போட்டுவிடும்.

கேள்வி: பிரிட்ஜில் மட்டும் ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் ஓடும் பிக்கப்) போட்டு, நெக்கில் பழையதையே வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம், ஆனால் நிம்மதியாக இருக்காது. இ.எம்.ஜி. 81 போன்றவற்றுக்கு 25கே பாட் வேண்டும். அதே பாட்டில் சாதாரண பிக்கப்பை மாட்டினால் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கிவிடும். 500கே வைத்தால் ஆக்டிவ் பிக்கப்புக்கு வால்யூம் சீராக இறங்காது, ஸ்விட்ச் போல நடந்துகொள்ளும். தனித்தனி வால்யூம் உள்ள கிட்டாரிலும் இரண்டும் ஒன்றாக ஓடும்போது ஒன்றின் பாரம் மற்றதன் மேல் விழும். போடுவதென்றால் இரண்டையும் போடுங்கள். 9 வோல்ட் பேட்டரிக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று முதலில் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டீரியோ ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் பிடுங்கிவிட வேண்டும்.

கேள்வி: ஒரே கிட்டாரில் மெட்டலும் வேண்டும், ஸ்ட்ராட் மாதிரி கிளீனும் வேண்டும். காயில் ஸ்ப்ளிட் (ஹம்பக்கரில் ஒரு காயிலை மட்டும் ஓடவிடுவது) போதுமா?

8 கிலோ ஓம் ஹம்பக்கரைப் பிளந்தால் 4 கிலோ ஓமில் சுருண்டு போன ஒரு காயில்தான் மிஞ்சும். அது ஸ்ட்ராட் ஆகாது. நிறையச் சுற்றிய ஹம்பக்கர்களில் ஸ்ப்ளிட் ஓரளவு தேறும். இரண்டு காயிலையும் பேரலலில் இணைக்கும் ஸ்விட்ச்சை நான் இதைவிட விரும்புவேன்: பளிச்சென்றும் இருக்கும், ஹம்மும் வராது.

கேள்வி: ஹம்பக்கர் வாங்கும்போது போல் இடைவெளி 49 மி.மீ.யா, 52 மி.மீ.யா என்று கேட்கிறார்கள். எதைச் சொல்வது?

பிரிட்ஜ் பிக்கப் இருக்கும் இடத்தில் முதல் ஸ்ட்ரிங்கின் மையத்திலிருந்து ஆறாவதன் மையம் வரை ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். டிரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைக்கும் பிரிட்ஜ்) உள்ளவற்றில் பெரும்பாலும் 51 முதல் 53 வரும். நெக்குக்கு எப்போதும் குறுகியதே. ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் கண்ணுக்குத்தான் உறுத்தும், காதுக்கு இல்லை.

கேள்வி: நெக் பிக்கப்பைக் கழற்றி பிரிட்ஜில் போட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். பிரிட்ஜ் அருகே ஸ்ட்ரிங் குறைவாகவே அசையும், அதனால் சத்தம் கம்மியாகத் தெரியும். செட்டாக வருபவற்றில் பிரிட்ஜ் பிக்கப்பைக் கூடுதலாகச் சுற்றுவது இதற்காகத்தான். கன்ட்ரி, ரிதம் கிளீன் வாசிப்பவர்களுக்கு அந்த மெல்லிய ஒலி பிடித்துப்போவதும் உண்டு.

கேள்வி: கெயின் கூட்டினால் பிக்கப் ‘கீ...’ என்று கத்துகிறது.

பிக்கப்பின் மூடியை நகத்தால் தட்டுங்கள். ஆம்ப்பில் மைக்கைத் தட்டியது போல ‘டக் டக்’ என்று பலமாகக் கேட்டால் உள்ளே காயில் தளர்ந்திருக்கிறது, மெழுகில் முக்கி எடுத்தால் சரியாகும். அடுப்பில் நீங்களே செய்யப் போக வேண்டாம். மெழுகு சூடு மீறினால் பாபின் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

கேள்வி: நைலான் ஸ்ட்ரிங் கிட்டாருக்கு எந்த பிக்கப்?

காந்த பிக்கப் எதுவும் வேலை செய்யாது, நைலானில் இரும்பு இல்லை. அதிர்வின் அழுத்தத்தை மின்சாரமாக்கும் பியெஸோ வாங்குங்கள்.