12 சிட்டிங், 36,000 ரூபா: கட்டலாமா டாக்டர்?

பெங்களூரு கே.ஆர்.புரத்துல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. வீட்டுக்காரருக்கு 43 வயசு, பீன்யால வேலை. 2021 கொரோனா ரெண்டாவது அலைல அண்ணனைப் பறிகொடுத்தவர். அதுல இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா நெஞ்சு படபடப்பு, ரெண்டு தடவை ஈசிஜி எடுத்தும் நார்மல். மெடிக்கல் ஷாப்ல குடுத்த தூக்க மாத்திரை எட்டு மாசமா ஓடுது. இப்போ தெரிஞ்சவர் ஒருத்தர் 'மைண்ட் கோச்'னு ஒருத்தர்கிட்ட 12 சிட்டிங்குக்கு 36,000 கட்டச் சொல்றாராம்.

கட்டாதீங்கம்மா. அந்த தெரிஞ்சவருக்கு அதுல எவ்வளவு கமிஷன்னு முதல்ல கேளுங்க. கோச்சுன்னு போர்டு வைக்க இங்க எந்தப் படிப்பும் வேண்டாம், என்கிட்ட வந்த ஒருத்தருக்கு எட்டாவது சிட்டிங்ல கல்லு மோதிரம் வித்திருக்காங்க. கிளினிகல் சைக்காலஜிஸ்ட்னா (மாத்திரை இல்லாம பேசி வைத்தியம் பண்றவர்) ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் நம்பர் இருக்கும், மனநல டாக்டர்னா மெடிக்கல் கவுன்சில் நம்பர் இருக்கும், கேட்டதும் முகம் சுளிச்சா எந்திரிச்சு வந்துருங்க.

"கொரோனா போய் இத்தனை வருஷமாச்சே"ன்னு மாமியார் சொல்றாங்களாம். கொரோனா போயிருச்சு, அண்ணன் திரும்பி வரலையே. முகத்தைக்கூட சரியா பாக்க விடாம கவர்ல சுத்திக் குடுத்து, சுடுகாட்டு வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசைல நின்னவர் அவர், காரியம்கூட ஒழுங்கா நடக்கலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உலகம் முழுக்க கொரோனா வந்த முதல் வருஷத்துலயே பதட்டமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடுச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொல்லுச்சு. அதனால இது கோழைத்தனமும் இல்ல பைத்தியமும் இல்ல, வைத்தியம் இருக்கு.

மாத்திரை விஷயம்தான் எனக்கு பயம். என் பேச்சைக் கேட்டு இன்னிக்கே நிறுத்திராதீங்க! அது அல்பிரசோலமோ குளோனசிபாமோவா இருந்தா, இத்தனை மாசம் போட்டதை பட்டுனு விட்டா நடுக்கம் வரும், தூக்கம் சுத்தமா போயிரும், சிலருக்கு ஃபிட்ஸே வரும். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். கடைக்காரர் பேர் இல்லாத துண்டா ஸ்ட்ரிப்பை வெட்டிக் குடுப்பாரு, அடுத்த தடவை முழு அட்டையைக் கேட்டு வாங்கி போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

எங்க போறது? ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ், மத்திய அரசோட மனநல ஆஸ்பத்திரி. கூட்டம் நெரியும், ஒரு நாள் லீவு போயிரும், நாட்டுல இருக்கிற மனநல டாக்டர் எண்ணிக்கைக்கு வேற எப்படி இருக்கும். அதுக்கு முன்னாடி 14416 டெலிமானஸுக்கு, அதாவது அரசோட மனநல உதவி நம்பருக்குப் போன் போடுங்க, காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். இன்சூரன்ஸ் கேட்டிருந்தீங்க. உடம்பு நோய்க்குக் குடுக்கிற மாதிரியே மனநோய்க்கும் குடுக்கணும்னு 2017 சட்டம் சொல்லுது, ஆனா நிறைய பாலிசில அட்மிட் ஆனாத்தான் காசு. இவருக்கு அட்மிஷனே தேவைப்படாது போல, அப்போ ஃபீஸ் உங்க கைலருந்துதான், என்ன சட்டமோ!

புதுசா எழுதிக் குடுக்கிற மாத்திரை பிடிக்க ரெண்டு மூணு வாரம் ஆகலாம், நாலாம் நாளே கேக்கலன்னு தூக்கிப் போட்டுறாதீங்க. நடுவுல எப்பவாவது "நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு அவர் வாய்ல வந்தா, அப்பாயின்மெண்ட் தேதிக்கு காத்திருக்காம அன்னிக்கு ராத்திரியே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க, தனியா மட்டும் விடாதீங்க.