மாலை நேர வாசிப்பு வகுப்பு பலன் தந்ததா என்று எப்படி மதிப்பிடுவது?

60 பிள்ளைகளுக்கு மாலை வாசிப்பு வகுப்பு தொடங்கப் போகிறீர்கள். கிர்க்பாட்ரிக், சிப் (CIPP) என்ற இரண்டு மதிப்பீட்டு மாதிரிகளில் எதை வைத்து மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் தன் மாதிரியை 1959-ல் எழுதியது நிறுவனப் பயிற்சிகளுக்காக. பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் விளைவு என்ன என்று நான்கு படிகள். வகுப்பெடுக்கும் தன்னார்வலர்களுக்கு நீங்கள் தரும் பயிற்சியை அளக்க அது பொருந்தும். பிள்ளைகளுக்கு வைத்தால் பலரும் முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். வகுப்பு பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். வாசிக்கத் தெரியுமா என்பது அதில் தெரியாது. டேனியல் ஸ்டஃபில்பீம் 1960-களில் உருவாக்கிய சிப், சூழல், உள்ளீடு, செயல்முறை, விளைவு என்று நான்கையும் பார்க்கும். நடக்கும்போதே திட்டத்தைத் திருத்தலாம். உங்களுக்கு இதுவே சரி.

ஆனால் எந்த மாதிரியானாலும், வகுப்பு தொடங்கும் முன் அடிப்படை அளவு எடுக்காவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு தன் அசெர் (ASER) ஆய்வில் பயன்படுத்தும் வாசிப்புத் தாள் போதும். முதலில் ஒன்றாம் வகுப்புப் பத்தியைக் கொடுங்கள். மூன்று பிழைக்குள் சரளமாக வாசித்தால் இரண்டாம் வகுப்புக் கதை. தடுமாறினால் சொற்கள்: ஐந்தில் நான்கு சரியாக வர வேண்டும். அதுவும் வராவிட்டால் எழுத்துகள், அதே கணக்கு. பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளை காதில் சொல்லிவிடும்.

அதே நாளில், வகுப்புக்கு வராத 60 பிள்ளைகளுக்கும் இதைச் செய்யுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். உங்கள் பக்கம் பத்தி வாசிப்போர் 12-லிருந்து 36 ஆனால் 24 பேர் கூடினர் என்று அறிக்கை எழுதத் தோன்றும். வராதவர்களில் 15 பேர் 27 ஆகியிருந்தால், பள்ளியாலும் வயதாலும் வந்தது 12. உங்கள் வகுப்பின் பங்கு மீதி 12. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு ஒன்றில், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது தெரிந்தது. அந்த மீட்சியில், தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்திய அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியின் பங்கு சுமார் 24 சதவீதம். ஒப்பீடு இல்லாமல் முன்னும் பின்னும் மட்டும் அளந்திருந்தால் முழுப் பெயரும் திட்டத்துக்கே போயிருக்கும்.

ஒப்பீட்டுக் குழுவை எடுப்பதிலும் கவனம் வேண்டும். மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களை வகுப்பில் சேர்த்துவிட்டு, நன்றாகப் படிப்பவர்களோடு ஒப்பிட்டால் கணக்கு கோணிவிடும். அன்று காய்ச்சலோடு வந்து சொதப்பிய பிள்ளை அடுத்த முறை தானாகவே ஏறும். 120 பேர் விண்ணப்பித்து 60 இடம்தான் என்றால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் போடுங்கள். அதைவிட நியாயமான ஒப்பீடு கிடையாது. பெற்றோரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இறுதித் தேர்வை வகுப்பெடுத்தவரே நடத்தக் கூடாது, அறியாமலே எடுத்துக்கொடுத்துவிடுவார். அளவு அதேதான், ஆனால் பத்தி வேறாக இருக்கட்டும். பாதியில் நின்ற பிள்ளைகளை வீடு தேடிப் போயாவது அளந்து, முதலில் சேர்ந்த 60 பேரையும் கணக்கில் வையுங்கள்.