சில்வர் பீச்சிலிருந்து பேஸ் கேம்புக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு 46 வயது. அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகப் பணம் கட்டிவிட்டேன். தினமும் சில்வர் பீச்சில் 5 கிலோமீட்டர் நடக்கிறேன், இது போதுமா? மூச்சுப் பயிற்சிக்கென்று ஒரு முகமூடி விற்கிறார்களே, வாங்கலாமா? பையை இப்போதே கட்டிப் பார்த்தேன், 15 கிலோ வருகிறது. சாமான் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

க., கடலூர்

அன்புள்ள க.,

நடையை விடாதீர்கள். ஆனால் கடற்கரை சமதரை. 2,860 மீட்டர் உயரத்து லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கினால், முதல் நாள் பாதை பாக்டிங் வரை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் போகும். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். இறக்கத்தில் முட்டி போனால் என்ன செய்வீர்கள்?

வாரநாட்களில் கேப்பர் மலைச் சாலையில் ஏறி இறங்குங்கள். மாதம் இரண்டு ஞாயிறு செஞ்சிக்குப் போய், கோட்டை திறந்ததுமே ராஜகிரி ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். பையில் தண்ணீர் பாட்டில்களாக 6 கிலோ இருக்கட்டும். உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்குவது கள்ளாட்டம். தின்பண்டத்தை வெளியே தெரிய வைக்காதீர்கள், குரங்குகளுக்கு நம்மைவிடப் பயிற்சி அதிகம்.

முகமூடி வேண்டாம். அது மூச்சை இழுக்கச் சிரமப்படுத்துமே தவிர, உயரத்துக்குப் பழக்காது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம். 5,364 மீட்டரில் உள்ள பேஸ் கேம்பில் அது நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதற்கு உடம்பு பழக நாட்கள் வேண்டும், ஊரிலிருந்தே பழகிக்கொண்டு போக முடியாது. 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் இடம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கொரு ஓய்வும் வேண்டும். உங்கள் திட்டத்தில் வழியிலுள்ள ஊர்களான நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடுங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள், குறையாவிட்டால் இறங்கிவிடுங்கள். நன்றாக ஓடியாடுகிறவர்களுக்கும் இது வரும், வேகமாக ஏறிவிடுவார்கள் என்பதால். இந்த உயர நோயைத் தடுக்க உதவும் அசிடசோலமைடு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

ஷூவை இந்த வாரமே வாங்கி, அதோடுதான் செஞ்சி ஏற வேண்டும். நான் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு வாங்கினேன். இறக்கம் முழுக்கக் கட்டைவிரல்கள் முன்னால் போய் இடித்து, இரண்டு நகமும் கத்தரிக்காய் நிறமாகி, ஊர் திரும்பியபின் விழுந்தன. விரலுக்கு முன்னால் சற்று இடம் இருக்கும் அளவு வாங்குங்கள்.

15 கிலோவில் பாதிக்கு மேல் போர்ட்டரிடம் போகட்டும், உங்கள் முதுகில் 6 கிலோ போதும். பருத்தி பனியன்களை எடுத்துவிடுங்கள். வியர்வையில் ஊறிய பனியனோடு டீ குடிக்க உட்கார்ந்தேன். டீ தீர்வதற்குள் முதுகில் ஈரச்சாக்கைப் போர்த்தியதுபோல் ஆகிவிட்டது. போனையும் பவர் பேங்கையும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். மூன்று ஜீன்ஸ் எதற்கு? ஒன்றுகூட வேண்டாம்.

பட்டியலின் கடைசியில் ஒரு லுங்கி எழுதி, அதை அடித்தும் இருக்கிறீர்கள். அதுவும் பருத்திதான், ஆனாலும் இருக்கட்டும். ஒரே அறையில் நாலு பேர் தங்கும்போது உடை மாற்ற அதைவிட வசதியானது எந்தக் கடையிலும் கிடைக்காது.