ஏற்றாதீர்கள், இறக்குங்கள்: கிட்டார் ஓப்பன் டியூனிங் கேள்வி-பதில்

கே: ஓப்பன் ஈ வைத்தால் நாலாவது கம்பி அறுந்துவிடுகிறது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஆகிவிட்டது.

ப: ஏற்றாதீர்கள். ஓப்பன் டியூனிங் என்றால் ஃப்ரெட் எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்ட் ஒலிக்கும்படி கம்பிகளின் சுருதியை மாற்றுவது. ஓப்பன் ஈ-யில் ஈ மேஜர் ஒலிக்க நாலாவது, ஐந்தாவது கம்பிகள் இரண்டு ஃப்ரெட் அளவு மேலே போக வேண்டும். அதற்கே இழுவிசை கால் பங்கு கூடிவிடும். லைட் செட் (மெல்லிய கம்பித் தொகுப்பு) ஏற்கெனவே எழுபது கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஓப்பன் டி-க்கு இறக்கி, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போடுங்கள். விரல்கள் அதே, சுருதியும் அதே. இப்படி ஏற்றியே வாசித்த ஒரு மாணவரின் கிட்டாரில் பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கி, அடியில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. கம்பி அறுந்ததோடு போனது உங்கள் நல்ல நேரம்.

கே: டேட்கேட் (தடித்த ஆறாவது கம்பியிலிருந்து டி-ஏ-டி-ஜி-ஏ-டி) மேஜரா, மைனரா?

ப: இரண்டும் இல்லை. டி-யை ஷட்ஜமாக வைத்தால் ச ப ச ம ப ச. மேஜரா மைனரா என்று காட்டும் காந்தாரமே கிடையாது, நீங்கள் ஃப்ரெட்டில் பிடிக்கும்போதுதான் அது பிறக்கும். 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் மொராக்கோ போய் ஊத் (அரபு நரம்பு வாத்தியம்) இசையைக் கேட்டுவிட்டு இதைப் பரப்பியதற்கும் அதுதான் காரணம்.

கே: கனடியப் பாடகி ஜோனி மிட்செல் டியூனிங் என்ன?

ப: எந்தப் பாட்டுக்கு? அவர் பயன்படுத்தியவை ஐம்பதுக்கும் மேல். சிறுவயதில் வந்த போலியோவால் இடது கை பலவீனமாகி, அதற்கேற்பக் கம்பிகளின் சுருதியை மாற்றிக்கொண்டவர் அவர். பாட்டின் பெயரோடு மறுபடி எழுதுங்கள்.

கே: ஓப்பன் டி-யில் ட்யூனர் எல்லாக் கம்பிக்கும் பச்சை காட்டுகிறது. ஆனாலும் மொத்தமாக மீட்டினால் உறுத்துகிறது.

ப: உங்கள் காது சரி. மூன்றாவது கம்பிதான் காந்தாரம். ட்யூனர் காட்டும் காந்தாரம், இயற்கையான காந்தாரத்தைவிட 14 சென்ட் (ஒரு ஃப்ரெட் அளவு நூறு சென்ட்) கூடுதல். பத்து சென்ட் போல இறக்குங்கள். அலையடிப்பது அடங்கி, ஆறு கம்பியும் ஒன்றாக நிற்கும். அந்தக் கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும் இடங்கள் நிறைய இருந்தால் ஐந்து சென்ட்டோடு நிறுத்துங்கள்.

கே: நாலு மாதத்தில் 14 டியூனிங் கற்றுக்கொண்டேன். அடுத்து எது?

ப: எதுவும் வேண்டாம். இந்தக் கடிதம் மாதாமாதம் வருகிறது, எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஓப்பன் ஜி-யில் மூன்றாவது கம்பியில் மத்திமம் எங்கே என்று தாளைப் பார்க்காமல் சொல்வீர்களா? ஐந்தாவது ஃப்ரெட். யோசித்தீர்கள் என்றால் அந்த டியூனிங் உங்களுக்குத் தெரியாது. டேப் (எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணில் எழுதிய தாள்) பார்த்து விரலை வைப்பவருக்கு எந்த டியூனிங்கும் ஒன்றுதான். பிரெஞ்சு கிட்டார் கலைஞர் பியர் பென்சுசான் பல பத்தாண்டுகளாக டேட்கேட் ஒன்றிலேயே வாசிக்கிறார், அதில் இன்னும் புதிது எடுக்கிறார்.

ஓப்பன் ஜி-யையே எடுங்கள். ஆறு, ஐந்து, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளை இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால் போதும். ஹவாய்க்காரர்கள் தங்கள் கிட்டார் வாசிப்புக்கு வைத்த ‘கீ ஹோஆலு’ என்ற பெயருக்கே ‘தளர்த்திய சுருதி’ என்றுதான் பொருள். அவர்களும் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள். கட்டைவிரல் ஐந்தாவது கம்பிக்கும் நாலாவதுக்கும் மாறி மாறிப் போகட்டும். பழக்கதோஷத்தில் ஆறாவதில் விழுந்தால் அடியில் ஷட்ஜத்துக்குப் பதில் பஞ்சமம் கேட்கும், பாட்டு ஆடிப்போகும். அதன் மேலே, உங்களுக்குத் தெரிந்த ஒரு மெட்டை முதல் கம்பியில் மட்டும் வாசியுங்கள். அப்புறம் அதையே முதல் மூன்று கம்பிகளில் பரப்புங்கள். மூன்று மாதம், டேப் இல்லாமல். அதற்குப் பிறகு எழுதுங்கள்.

கே: ஆறாவது கம்பியைச் சி வரை இறக்கினால் ‘கொட கொட’ என்கிறது.

ப: இழுவிசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறதே. 53 தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் 53 பங்கு) கம்பியைக் கழற்றி 56 அல்லது 58 போடுங்கள். இறக்கச் சொல்கிறேன், மெல்லிய கம்பியில் சொல்லவில்லை.

கே: டியூனிங் மாற்றி இரண்டு நிமிடத்தில் கலைந்துவிடுகிறது. கம்பியை முறுக்கும் கீயை மாற்றவா?

ப: முதலில் நட்டை, அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள பட்டையைப் பாருங்கள். திருகும்போது ‘டிக்’ என்று கேட்டால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது. பென்சில் முனையால் அந்தப் பள்ளத்தில் தேயுங்கள். வேண்டிய சுருதிக்குக் கொஞ்சம் கீழே போய், அங்கிருந்து மேலே வந்து நிறுத்துங்கள். கடைசியில் ஆறு கம்பியையும் இன்னொரு சுற்று பாருங்கள், சிலவற்றை இறக்கினால் மற்றவை தானாகக் கொஞ்சம் ஏறியிருக்கும்.