என்யுஎஸ்ஸுக்கு மாறட்டுமா, அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரி, தேசிய சேவை எல்லாம் முடித்து இப்போது எஸ்ஐடியில் (சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம்) சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மதிப்பெண் நன்றாகவே வருகிறது. போன வாரம் கான்கிரீட் கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்லம்ப் டெஸ்ட் செய்தோம். கூம்பைத் தூக்கியதும் எங்கள் கலவை குழைந்து பரவிவிட்டது. மணலில் ஏற்கெனவே ஈரம் இருந்ததைக் கணக்கில் சேர்க்காமல் தண்ணீர் ஊற்றிவிட்டோம் என்பதை நாங்கள் நான்கு பேரும் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து கண்டுபிடித்தோம். ஆனால் தீபாவளிக்கு உட்லண்ட்ஸில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, "ஏன்பா, என்யுஎஸ் கிடைக்கலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. இதே படிப்புக்கு என்யுஎஸ்ஸுக்கு, அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு, மாறிவிடலாமா என்று பார்க்கிறேன். கட்டணம் அப்பாவின் மசே நிதியிலிருந்து (மத்திய சேமநிதி) போகிறது. அம்மா, இருக்கிற இடத்திலேயே முடி என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- வாசகர், பொங்கோல்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த ஈர மணலைப் பற்றி எழுதிய வரிகளில் இருக்கும் துடிப்பு மீதிக் கடிதத்தில் இல்லை. என்யுஎஸ் பற்றி எழுதும்போது ஒரு பாடத்தின் பேர்கூட வரவில்லை, பெரியம்மாதான் வருகிறார். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்தக் காரணத்துக்காக மாறாதீர்கள்.

அந்தக் கேள்வி எப்படித் தைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பெரியம்மா காலத்தில் பல்கலைக்கழகம் என்றால் என்யுஎஸ், அப்புறம் 1991இல் வந்த என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), அவ்வளவுதான். எஸ்ஐடி தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஆனதே 2014இல். இப்போது இங்கே ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் இருப்பது நம் வீடுகளில் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. தெரியாமல் கேட்டிருப்பார், ஆனால் எல்லார் முன்னாலும் கேட்டிருக்க வேண்டாம்.

பேருக்கு மதிப்பே இல்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சில இடங்களில் அதைப் பார்ப்பார்கள்தான். எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதை நீங்களே எடைபோடலாம், ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் பட்டதாரிகள் வேலைநிலவர ஆய்வில் படிப்புவாரியாகச் சம்பள விவரம் இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் மொத்தச் சராசரியை விட்டுவிட்டு உங்கள் படிப்பின் வரிசையை மட்டும் பாருங்கள். சிவில் துறையில் இன்னொன்றும் உண்டு. பிற்காலத்தில் பதிவுபெற்ற பொறியாளர் ஆக வேண்டுமென்றால், நிபுணத்துவப் பொறியாளர் வாரியம் ஏற்கும் பட்டங்களின் பட்டியலில் உங்கள் பட்டம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இப்போது பணம், காலம். கடன் வாங்கிப் படிக்கிற வீட்டில் இதைத்தான் முதலில் பேச வேண்டும். மாறுபவர்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் சேர்க்கைக்குப் புதியவர்களோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை படித்த பாடங்களில் எவ்வளவு ஏற்பார்கள் என்பதை அங்குள்ள துறைதான் முடிவு செய்யும், அதற்கு யாரும் முன்கூட்டி உத்தரவாதம் தர முடியாது. கல்வி அமைச்சின் கட்டண மானியம் இன்னும் பெரிய விஷயம். ஓரிடத்தில் மானியத்தோடு சில பருவங்கள் படித்துவிட்டு வேறிடம் போனால், அதே எண்ணிக்கைப் பருவங்களுக்குப் புதிய இடத்தில் முழுக் கட்டணம் கட்ட வேண்டி வரலாம். அது மானியக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அப்பாவின் மசே நிதியிலிருந்து எடுக்கும் பணமும் சும்மா வருவதில்லை, நீங்கள் வட்டியோடு அவர் கணக்குக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அது. ஒரு வருடம் கூடினால் அந்தக் கடனும் கூடும், ஒரு வருடச் சம்பளமும் போகும்.

என் அக்கா மகள் சில ஆண்டுகளுக்கு முன் இப்படி மாறினாள். எங்கிருந்து எங்கே என்பது வேண்டாம். அவள் எழுதி முடித்திருந்த 11 பாடங்களில் 5 மட்டும் ஏற்கப்பட்டன, அந்தக் கடிதம் வந்தபோது அவள் பழைய இடத்திலிருந்து விலகி ஆறு வாரம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு மேசையில் அந்தத் தாளை விரித்து, ஏற்காத ஆறின் மேலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இருந்தும் மாறியதற்கு அவள் வருந்தியதில்லை. அவள் படிக்க ஆசைப்பட்ட மொழியியல் பழைய இடத்தில் கிடையாது.

உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் என் பதில் மாறும். முனைவர் பட்டம், ஆராய்ச்சி என்று ஆசை இருக்கிறதா? மண் இயக்கவியலிலோ கடலோரக் கட்டுமானத்திலோ ஆழமாகப் போக வேண்டும், அதற்கான பாடம் இங்கே இல்லை என்கிறீர்களா? அப்படியென்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள், அம்மாவிடம் நானே பேசுகிறேன். ஆனால் முதுநிலைப் படிப்புக்கு அங்கே போகும் வழியும் இருக்கிறது, இப்போதே பாதியில் எழுந்து போக வேண்டியதில்லை.

இன்னொன்று, எஸ்ஐடியின் வேலை-படிப்புத் திட்டத்தில் 8 மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பீர்கள். க்ராஸ் ஐலண்ட் எம்ஆர்டி ரயில் பாதைக்கு ஊரெங்கும் தோண்டிக்கொண்டிருக்கிற நேரம் இது. கலவை ஏன் குழைந்தது என்று சாப்பாட்டை மறந்து தேடுகிற பையனுக்கு அந்த ஓராண்டு எவ்வளவு தரும் என்று யோசியுங்கள். அதைப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை போகவில்லையா, சரி. என்யுஎஸ் பாடப் பட்டியலைத் திறந்து, இங்கே கிடைக்காத, நீங்கள் படித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிற ஐந்து பாடங்களை எழுதுங்கள். மானியம் பற்றியும் ஏற்கப்படும் பாடங்கள் பற்றியும் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை எஸ்ஐடியிலிருந்து விலகும் படிவத்தைத் தொடாதீர்கள். அந்த ஐந்தையும் எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே பேசுவோம்.